இறங்கும்போது வலிக்கும் முட்டி

படி ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போது வலிக்கிறதா? ஓடுகிறவர் ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தால் நல்ல பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. பெரும்பாலானவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இறங்கும்போதுதாங்க அதிகம்" என்பார்கள். ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் எப்படி இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். சென்னை வரை பஸ்ஸில் போய் இறங்கினால் முதல் நாலு அடி வைக்க முடியவில்லை, படம் முடிந்து தியேட்டரில் எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது என்று பதில் சொல்வார்கள். வலிக்கிற இடத்தைக் காட்டச் சொன்னால் ஒரு விரலால் தொட்டுக் காட்ட அவர்களால் முடியாது. உள்ளங்கையை முட்டியின் மேல் கவிழ்த்து வைத்து, "இங்கதான், உள்ளுக்குள்ள, எங்கேன்னு சொல்லத் தெரியல" என்பார்கள். அடிபட்டிருக்காமல், வீக்கமும் இல்லாமல், இந்த மூன்று பதில்களும் சேர்ந்து வந்தால் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே விஷயம் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். மருத்துவர்கள் இதை பேட்டெல்லோஃபெமரல் பெயின் என்கிறார்கள். ஓடுகிறவர்களுக்கு இது ரன்னர்ஸ் நீ. 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானை ஃபிராங்க் ஷார்ட்டர் வென்றதை ஒட்டி, அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் தெருவில் இறங்கி ஓடத் தொடங்கிய அந்தப் பத்தாண்டில் பரவிய பெயர் இது.

கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்கே அங்கே ஆள் சேர்ந்துவிடும். நடப்பவர்கள், ஓடுபவர்கள், ஓடி முடித்துவிட்டு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர்கள். 2013-ல் கோயம்புத்தூர் மாரத்தான் தொடங்கிய பிறகு ஓடுபவர்கள் கூடியதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். முட்டி வலிக்காரர்களும் கூடவே கூடினார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: "ஓடி ஓடி ஜவ்வு தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க." சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், மருந்துக் கடைக்காரராக இருக்கலாம், சில சமயம் மருத்துவராகவே இருக்கலாம். அதைக் கேட்டுவிட்டு ஷூவைக் கழற்றி வைத்தவர்களில் பலர் அப்புறம் அதை மாட்டவே இல்லை. நாற்பது வயதுக்கு மேல், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எட்டிப் பார்க்கிற பருவத்தில், பாடுபட்டுப் பழகிய ஒரு நல்ல பழக்கத்தை ஒற்றை வாக்கியம் பறித்துக்கொண்டு போகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பெரும்பாலும் அந்த வாக்கியம் உண்மையும் இல்லை. ஏன் என்று தெரிய முட்டியின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும்.

முட்டிச் சில்லு மற்ற எலும்புகளைப் போல இரண்டு பக்கமும் வேறு எலும்புகளோடு கோத்து நிற்பதல்ல. தொடையின் முன்பக்கத் தசை கீழே இறங்கி, நாணாக மாறி, முட்டிக்குக் கீழே கால் எலும்பின் முகப்பில் பிடித்துக்கொள்கிறது. அந்த நாணுக்குள் பொதிந்து கிடப்பதுதான் சில்லு. நாணுக்குள் வளரும் எலும்புகளில் உடம்பிலேயே பெரியது இது. குழந்தை பிறக்கும்போது அது வெறும் குருத்தெலும்பு. மூன்று வயதை ஒட்டித்தான் எலும்பாக இறுகத் தொடங்கும். அதன் வேலை கிணற்றுக் கப்பியின் வேலை. தசையின் இழுவையை எலும்பிலிருந்து சற்று விலக்கித் தூக்கிப் பிடித்து, காலை நீட்டுவதை எளிதாக்குகிறது. கப்பியின் மேல் கயிறு இரண்டு பக்கமும் இழுக்கும்போது நடுவில் அச்சின் மேல் பாரம் விழுமல்லவா, அதுபோல முட்டி மடங்க மடங்கச் சில்லு பின்னால் தொடை எலும்பின் பள்ளத்தில் அழுந்துகிறது.

எவ்வளவு அழுந்துகிறது என்பதற்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கு ஆய்வு எண்கள் மாறினாலும் வரிசை மாறுவதில்லை. சமதரையில் நடக்கும்போது உடல் எடையில் பாதி. படிக்கட்டில் மூன்று மடங்கை ஒட்டி. ஓடும்போது ஐந்து மடங்கு அளவுக்குப் போகும். முழுக்க உட்கார்ந்து எழும்போது அதையும் தாண்டும். அறுபது கிலோ எடையுள்ளவர் ஓடினால் ஒவ்வோர் அடியிலும் சில்லுக்குப் பின்னால் சுமார் முந்நூறு கிலோ. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி, அதில் பாதி ஒரு காலுக்கு. இதைக் கேட்டால் யாருக்கும் பயம் வரும். ஆனால் இதைத் தாங்குவதற்கென்றே சில்லின் பின்புறம் உடம்பிலேயே மிகத் தடிமனான குருத்தெலும்பு, தேய்ந்துபோச்சு என்று சொல்கிற அந்த ஜவ்வு, படிந்திருக்கிறது. அந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது.

நரம்பு இல்லாத இடம் எப்படி வலிக்கும்? சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்காட் டை என்ற எலும்பு மூட்டு அறுவை மருத்துவருக்கு இந்தக் கேள்வி விடவில்லை. அவர் செய்ததை முதன்முதல் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்து எதையும் செலுத்திக்கொள்ளாமல், முழு நினைவோடு மேசையில் படுத்து, தன் இரண்டு முட்டிகளுக்குள்ளும் ஆர்த்ரோஸ்கோப்பை விடச் சொன்னார். உள்ளே ஒவ்வோர் இடமாகக் கருவியால் தொடத் தொட, வலியைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை எண்ணாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வலிக்கிற இடம் துல்லியமாகத் தெரிகிறதா, குத்துமதிப்பாகத்தான் தெரிகிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னார். 1998-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது அவர் சொன்ன எண் பூஜ்யம். இத்தனைக்கும் அவருடைய சில்லின் குருத்தெலும்பு நடுவில் மெத்தென்று கெட்டுத்தான் இருந்தது. அது அவருக்கு ஒருநாளும் வலித்ததில்லை. முட்டியின் முன்பக்கம் இருக்கும் கொழுப்புத் திண்டையும், மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வையும் தொட்டபோது நான்கு. பொறுக்க முடியாத, இடம் தெளிவாகத் தெரிகிற வலி.

அதற்கு முன்பு பல காலமாக இந்த வலிக்கு மருத்துவர்கள் எழுதிவந்த பெயருக்கே குருத்தெலும்பு மிருதுவாகிப் போனது என்றுதான் அர்த்தம். எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தேய்ந்திருந்தும் வலிக்காதவர்கள் இருந்தார்கள். தேயாமலே துடித்தவர்களும் இருந்தார்கள். டை சொன்ன விளக்கம் வேறு. ஒவ்வொரு முட்டிக்கும் அந்தந்த நேரத்தில் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லைக்குள் வேலை வாங்கினால் திசுக்கள் அன்றாடச் சிராய்ப்புகளைத் தாமே சரிசெய்துகொள்ளும். எல்லையைத் தாண்டித் தாண்டி வாங்கினால் சவ்வும் கொழுப்புத் திண்டும் அழன்றுபோகும், சில்லுக்கு அடியில் இருக்கும் எலும்பு கொதிக்கும். அந்த நிலையில் தாங்கும் எல்லையே சுருங்கிவிடுகிறது. முன்பு பத்து கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாங்கிய முட்டி இப்போது மாடிப்படிக்கே முனகும். சிகிச்சை என்பது சுருங்கிய எல்லைக்குள் முதலில் நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதை விரிப்பது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஓடுகிறவருடைய முட்டியைப் பற்றிய மற்ற எல்லாம் புரிய ஆரம்பிக்கும் என்பது என் அனுபவம்.

எங்கள் ஓட்டக் குழுவில் வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். நாற்பது தாண்டியவர். வீட்டு வேலையை முடித்து, சமையலுக்கு எடுத்து வைத்துவிட்டு, இருட்டோடு வந்து ஓடுவார். ஆடி மாதம் வரை ஐந்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர், டிசம்பரில் அரை மாரத்தான் ஓடுவது என்று பதிவு செய்தார். ஐந்து எட்டானது, எட்டு பன்னிரண்டானது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதமலைச் சாலையில் ஏறி இறங்கிய குழுவோடும் சேர்ந்துகொண்டார். அடுத்த வாரம் வங்கியின் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். ஸ்கேன் எடுத்ததில் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் "இனிமேல் ஓட வேண்டாம், சம்மணம் போட்டு உட்கார வேண்டாம், மாடிப்படி வேண்டாம்" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப அவ்வளவுதானுங்களா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

காந்திபுரம் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் இளம் பிசியோ பெண் ஒருவர் இருக்கிறார். அங்கே அழைத்துப் போனோம். அந்தப் பெண் முட்டியைத் தொடுவதற்கு முன்பு அரைமணி நேரம் பேசினார். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எப்போது கூட்டினீர்கள், எவ்வளவு தூக்கம், வீட்டில் எத்தனை மாடி. பிறகு கால் அடி உயரத்துக்கும் குறைவான ஒரு மரப்படியைக் கண்ணாடி முன்னால் போட்டு, "இதுமேல ஒத்தைக் கால்ல நில்லுங்கக்கா, இன்னொரு கால் குதிகால் தரையைத் தொடுற வரைக்கும் மெதுவா இறங்குங்க" என்றார். அக்கா இறங்கினார். இறங்கும்போது மடங்கிய முட்டி நேராக முன்னால் வராமல் கட்டைவிரல் பக்கமாக உள்ளே சாய்ந்தது. தொங்கிய காலின் பக்கம் இடுப்பு ஒரு அங்குலம் கீழே போனது. கண்ணாடியில் அக்காவே அதைப் பார்த்தார். அந்தப் பெண் பக்கவாட்டில் ஒரு விரலை வைத்து, "இந்த விரலை முட்டி தொடணும்" என்றார். அக்கா முட்டியை வெளிப்பக்கமாக நிறுத்தி மறுபடி இறங்கினார். வலி இருந்தது, ஆனால் குறைவாக இருந்தது.

இந்த வலி எப்படி வருகிறது என்பதைப் பற்றி முன்பு வேறு மாதிரி நினைத்திருந்தார்கள். சில்லுதான் தடம் மாறி வெளியே போகிறது, அதை இழுத்து நேராக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். 1986-ல் ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜென்னி மக்கானல் சில்லை உள்பக்கம் இழுத்துப் பிளாஸ்திரி ஒட்டும் முறையை எழுதியது அந்த எண்ணத்தில்தான். பிளாஸ்திரி ஒட்டினால் பலருக்கு உடனே வலி குறைகிறது, அதில் சந்தேகமில்லை. சில்லு நகர்வதால்தான் குறைகிறதா என்பதுதான் பிற்பாடு ஆட்டம் கண்டது. 2003-ல் கலிஃபோர்னியாவில் கிறிஸ்டோபர் பவர்ஸ் குழுவினர், சில்லு விலகும் தொல்லை உள்ள சிலரை ஒற்றைக் காலில் நின்று முட்டியை மடக்கி நீட்ட வைத்து எம்.ஆர்.ஐ.யில் பார்த்தார்கள். பாரம் காலின் மேல் இருக்கும்போது சில்லு ஏறக்குறைய இருந்த இடத்தில் இருக்கிறது. அதற்கு அடியில் தொடை எலும்புதான் உள்பக்கம் திருகுகிறது. தொடை எலும்பைத் திருகாமல் பிடித்து வைப்பது இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள். வலி முட்டியில், வேலை இடுப்பில். இடுப்புத் தசை பலம் குறைந்ததால் வலி வந்ததா, வலி வந்ததால் பலம் குறைந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்தத் தசைகளையும் தொடைத் தசையையும் சேர்த்துப் பலப்படுத்தினால் வலி குறைகிறது என்பதில் வாதம் இல்லை.

பயிற்சிகள் பார்க்க ஒன்றுமில்லாதவை போலத்தான் இருக்கும். பக்கவாட்டில் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவது. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பை உயர்த்துவது. நாற்காலியின் விளிம்பிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, எழுந்ததைவிட மெதுவாக உட்காருவது. வலி இறங்கிய பிறகு மரப்படி. வாரத்தில் மூன்று நாள், கடைசி இரண்டு மூன்று முறை தசை நிஜமாகவே களைக்கிற அளவுக்கு. சுலபமாகத் தோன்றத் தொடங்கினால் பளு கூட்ட வேண்டும். அக்கா இரண்டு தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார். பத்து நாளில் எல்லாம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தசைக்குப் பலம் ஏற ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். பயிற்சியைப் பாதியில் விட்டவர்களில் கணிசமானோர் வருடக்கணக்கில் வலியைச் சுமக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் இரண்டாவது வாரத்தில், வலி சற்றுத் தணிந்ததும் படுக்கை விரிப்பைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தோற்கிறோம்.

ஆனால் பயிற்சியைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கனடாவின் கியூபெக்கில் ழான்-பிரான்சுவா எஸ்குலியே குழுவினர் முட்டி வலி உள்ள ஓட்டக்காரர்கள் 69 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஓட்டத்தின் அளவை எப்படிக் குறைப்பது, எப்படிக் கூட்டுவது என்ற அறிவுரை மட்டும். இரண்டாவது குழுவுக்கு அதோடு தசைப் பயிற்சி. மூன்றாவதுக்கு அறிவுரையோடு ஓடும் விதத்தில் மாற்றம். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. 2018-ல் வந்த இந்த ஆய்வு பலருக்கு ஏமாற்றமாக இருந்தது. எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மூன்று குழுவுக்கும் பொதுவாக இருந்தது அளவு. வலி வந்த முட்டிக்கு முதல் மருந்து அதுதான். அது காசு கொடுத்து வாங்குவதல்ல என்பதால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பிசியோ பெண் அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் கொடுத்தார். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண். ஓடும்போது இரண்டு வரை போகலாம். ஓடி முடித்த ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் காலை படி இறங்கும்போது முந்தைய நாள் காலையைவிட அதிகமாக இருக்கக் கூடாது. இருந்தால் அடுத்த ஓட்டம் குறைய வேண்டும். இல்லையென்றால் சிறிது கூடலாம். ஒரே நீள ஓட்டத்துக்குப் பதிலாக அதே தூரத்தை மூன்று நாளாகப் பிரிக்கலாம். முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும், மேடு பள்ளத்தை, குறிப்பாக இறக்கத்தை, நிறுத்தி வைக்க வேண்டும். அக்கா ஆரம்பித்தது ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, மொத்தம் இரண்டு கிலோமீட்டர். பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தவருக்கு அது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! முழு ஓய்வு கொடுக்கலாமே என்று அவரே கேட்டார். வலி அதிகமாக இருக்கும் சில நாள் ஓய்வு சரி. ஆனால் இரண்டு மாதம் சும்மா இருந்தால் வலி போவதோடு பலமும் போகும். திரும்ப ஓடும் முதல் நாளே எல்லை தாண்டிவிடும். ஓய்வெடுத்தேன், மறுபடி ஓடினேன், மறுபடி வந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் எல்லாரும் இந்தச் சுழலில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

ஓடும் விதத்தில் ஒரே ஒரு மாற்றத்தை நான் தயங்காமல் சொல்வேன். அடியைச் சிறிதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டுவது. நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்பதை ஓட்டக்காரர்கள் கேடன்ஸ் என்கிறார்கள். 2011-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஹைடர்ஷைட் குழுவினர், வேகத்தை மாற்றாமல் கேடன்ஸை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினாலே முட்டிக்கும் இடுப்புக்கும் போகும் பளு குறைவதைக் காட்டினார்கள். பத்து சதவீதம் கூடினால் சில்லின் பின்புற அழுத்தத்தின் உச்சம் சுமார் 14 சதவீதம் குறைகிறது என்று அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2014-ல் இன்னொரு கணக்கு வந்தது. எல்லாரும் 180-ஐப் பிடிக்க வேண்டும் என்று சிலர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் 156-ல் ஓடுகிறவர் என்றால் 164 போதும். போனில் மெட்ரோனோம் செயலி கிடைக்கிறது. அந்த டிக் டிக்குக்கு அடி வைத்தால் பாதம் உடம்புக்கு நெருக்கமாக விழும். மூச்சு முதலில் முட்டும். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். நீ கேப் கதகதப்பும் தைரியமும் தரும். கெட்ட பழக்கம் அல்ல, அதுவே வைத்தியமும் அல்ல. எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்தால் சுகமாக இருக்கும், தாராளமாகச் செய்யலாம். புது ஷூ வாங்கினால் வலி போகும் என்று நம்பி ஏழாயிரம் எட்டாயிரம் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. காலுக்கு இதமான எந்த ஷூவும் சரி. பந்தயத்தன்று காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் வழக்கத்தை மட்டும் நான் எங்கே பார்த்தாலும் தடுப்பேன். அளவு சொல்லும் ஒரே குரலை அது அமுக்கிவிடுகிறது. அதைவிட மோசம், உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். நம் ஊர் வெயிலில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

இறக்கத்தைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாசி முதல் வைகாசி வரை வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்குகிறவர்கள் அடிவாரத்திலேயே மூங்கில் தடி வாங்கிக்கொள்வார்கள். ஏறும்போது அது கைக்குச் சுமைதான். அதன் அருமை இறங்கும்போது தெரியும். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது, நெஞ்சு அடைக்கிறது, முட்டி பேசாமல் இருக்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும்; மடங்கிய முட்டியின் மேல் முழுப் பாரமும் விழுகிறது. களைத்த தசை பிடியை விடும்போது தொடை திருகுகிறது. திரும்பி வந்து அடிவாரத்துப் பூண்டியில் பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர்கள், காலை மடக்காமல் விறைப்பாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் ஜவ்வு தேய்ந்திருக்காது. ஒரே ராத்திரியில் முட்டியிடம் ஒரு வருடத்து வேலையைக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏறப் போகிற வருடத்தில் தை மாதத்திலிருந்தே வாரம் இரண்டு முறை படிக்கட்டு ஏறி இறங்கிப் பழகியவர்கள் அப்படி நடப்பதில்லை.

முட்டி வலி எல்லாமே இது அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிப்பக்கம், மூட்டுக்குச் சற்று மேலே ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்ட முடிகிற வலி, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில் தொடங்கி ஓட்டத்தையே நிறுத்த வைக்கிற வலி, ஐ.டி. பேண்ட் எனப்படும் பக்கவாட்டுப் பட்டையோடு சம்பந்தப்பட்டது. சில்லுக்குக் கீழே நாணில் சுள்ளென்று குத்தினால் அது நாண் வலி. இவற்றுக்கும் அளவும் பலமும்தான் மருந்து, பயிற்சிகள் சற்று மாறும். ஆனால் முட்டி வீங்கினால், பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட வரவில்லையென்றால், நடக்கும்போது திடீரென்று காலை வாரிவிட்டால், விழுந்தோ திரும்பியோ ஏதோ அறுந்த உணர்வு இருந்தால், ராத்திரி படுத்தாலும் விடாமல் வலித்தால், காய்ச்சலோடு முட்டி சிவந்தால், அங்கே கட்டுரையும் கண்ணாடியும் உதவாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஓடினால் முட்டி தேயுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ராஸ் மில்லர் 2014-ல் ஓட்டத்தையும் நடையையும் ஒப்பிட்டார். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் தொடை எலும்பும் கால் எலும்பும் சேரும் இடத்தில் விழும் உச்ச பளு நடையைப்போல மூன்று மடங்கு. ஆனால் ஓடும்போது அடி நீளம் அதிகம், பாதம் தரையில் இருக்கும் நேரம் குறைவு. ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு மொத்தமாகக் கூட்டினால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று வந்தது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களிடம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் 10.2, போட்டிக்கென்றே கடுமையாக ஓடுகிறவர்களிடம் 13.3. முட்டி நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் இந்த எண்ணுக்குள் கலந்திருக்கும், அதை மறைக்கக் கூடாது. அதையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அளவாக ஓடுவது மூட்டைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் எங்கேயும் தெரியவில்லை. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் இல்லை என்று சொன்னேன். அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது.

நம் வீட்டு அம்மாக்களின் முட்டி வேறு கதை. அறுபதைத் தாண்டி, உண்மையிலேயே தேய்மானம் வந்து, கால் வளைந்து, காலையில் எழுந்ததும் விறைத்துப் போகிற முட்டி அது. அந்த முட்டியின் படத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் நாற்பது வயது ஓட்டக்காரரையும் பயமுறுத்துகிறார்கள். அந்த அம்மாக்களுக்கும் முதல் வைத்தியம் தொடைத் தசைக்குப் பலமும், எடைக் குறைப்பும், அளவான நடையும் என்றுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நாமோ அவர்களைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, மருமகளையும் மகளையும் "நீயாவது ஓடாமல் இரு" என்கிறோம்.

மருத்துவர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் நான் கேட்பது அதிகமில்லை. ஓடாதே என்று சொல்ல வேண்டியிருந்தால் எத்தனை நாளைக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு ஓடலாம், எந்த வலிக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சம்மணம் போட வேண்டாம் என்றால் அது இந்தச் சில வாரத்துக்கா, ஆயுளுக்கா என்று தெளிவுபடுத்துங்கள். கோயிலில் தரையில் உட்கார முடியாமல், பந்தியில் நாற்காலி தேடிக்கொண்டு, தனக்கு ஏதோ தீராத நோய் என்று நினைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வந்ததோ முறையாகக் கவனித்தால் சில மாதத்தில் அடங்கக்கூடிய வலி.

அந்த டிசம்பரில் அக்கா அரை மாரத்தான் ஓடவில்லை. பதிவை 10 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொண்டு, பாதி நடந்தும் பாதி ஓடியும் முடித்தார். பயிற்சியை அதன் பிறகும் விடவில்லை. வலி போய்ப் பல மாதம் ஆன பின்னும் வாரத்தில் இரண்டு நாள் மரப்படி ஏறுகிறார், வங்கியில் லிஃப்டைத் தொடுவதில்லை. இந்த வருடம் மறுபடி அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம் 14 கிலோமீட்டர் வரை வந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை ரேஸ்கோர்ஸில் நடந்துகொண்டிருந்தவரிடம், படி இறங்கும்போது எவ்வளவு என்று கேட்டேன். "ஒண்ணு இருக்குதுங்க தம்பி. போன வாரம் பூஜ்யம். அதனால வர்ற ஞாயிறும் பதினாலேதான்" என்றார்.